பன்னிரண்டு பெயர்கள்

திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வருகிறவர்களை ஒரு சொல் கொஞ்சம் திகைக்க வைக்கும். பாளையங்கோட்டைத் தெருவில் நின்றுகொண்டு, "ஐயர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஐயர்?" என்று எதிர்க்கேள்வி வரும். "கோயில் ஐயர்" என்று விளக்கினாலும் சிக்கல் தீராது. இங்கே நெல்லையப்பர் கோயிலும் கோயில்தான். ஊசிக்கோபுரத்துக் கோயிலும் கோயில்தான். எங்கள் சபைக் கிறிஸ்தவர்கள் தங்கள் போதகரை ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. ரேனியஸ் ஐயர், போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என்று கடல் கடந்து வந்தவர்களுக்கும் எங்கள் முன்னோர் அந்தப் பெயரையே சூட்டி மகிழ்ந்தார்கள்.

மரியாதையில் பிறந்த சொல். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லோடு கூட ஓர் எண்ணமும் வந்து எங்கள் வீடுகளில் உட்கார்ந்துகொண்டது. கடவுளோடு பேசுவது ஐயருடைய வேலை. அவருக்குக் காணிக்கை கொடுப்பது நம்முடைய வேலை. குழந்தைக்குச் சுகமில்லையா? ஐயரைக் கூப்பிடு. புது வீடு கட்டியிருக்கிறோமா? ஐயர் வந்து ஜெபித்தால் போதும். வைத்தியத்துக்கு டாக்டர், வழக்குக்கு வக்கீல், ஜெபத்துக்கு ஐயர் என்று வேலையைப் பங்கு போட்டுவிட்டோம். பைபிள் சொல்லுகிற ஆசாரியன் இவர்தானா என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

நான் கதை எழுதுகிறவன். வேத சாஸ்திரம் கற்றவன் அல்ல. இருந்தாலும் யாத்திராகமத்தின் பிற்பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். செங்கடல் பிளக்கிறவரையில் கதை விறுவிறுப்பாக ஓடுகிறது. அதற்கப்புறம் இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம், கொக்கி, வளையம், திரை என்று தச்சனுடைய கணக்குப் புத்தகம் போல ஆகிவிடுகிறது என்பது அவர்கள் குறை. எனக்கோ அந்தக் கணக்கில்தான் ருசி. ஒரு மனிதன் என்ன உடுத்தியிருக்கிறான் என்று சரியாகப் பார்த்துவிட்டால் அவன் செய்கிற தொழிலைப் பாதி தெரிந்துகொண்டது போலத்தான்.

பிரதான ஆசாரியனாகிய ஆரோனுடைய உடுப்பைப் பாருங்கள். ஏபோத்து என்கிற மேலாடையின் இரண்டு தோள்களிலும் இரண்டு கோமேதகக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஆறு பெயர். இஸ்ரவேலின் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களும், பிறந்த வரிசைப்படி, முத்திரை வெட்டுவது போல வெட்டப்பட்டிருக்கின்றன. அது போதாதென்று மார்பிலே ஒரு பதக்கம். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம். அதில் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று கல். மாணிக்கம், மரகதம், வைடூரியம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதிக் கல். அவற்றிலும் அதே பன்னிரண்டு பெயர்கள், கல்லுக்கு ஒன்றாக.

தோளில் ஒரு முறை, நெஞ்சில் ஒரு முறை. எதற்காக இரண்டு தரம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிற குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தகப்பன் தோளில் ஏற்றிக்கொள்வான். தாய் மார்போடு அணைத்துக்கொள்வாள். பாரத்தைச் சுமக்கத் தோள். பாசத்தைச் சுமக்க நெஞ்சு. ஆசாரியனுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. இத்தனை பொன்னும் மணியும் அவனை அலங்கரிப்பதற்காக என்று நினைத்தால், கல்லிலே ஆரோன் தன் பெயரை அல்லவா வெட்டியிருக்க வேண்டும்?

இன்னும் ஒரு விஷயம். அந்தப் பன்னிரண்டு பேர் யார்? எல்லாரும் நல்லவர்களா? ரூபன் தகப்பனுக்கு அவமானம் தேடித் தந்தவன். சிமியோனும் லேவியும் சமாதானம் பேசி, நம்பிய ஊரை வெட்டிச் சாய்த்தவர்கள். அண்ணன்மார் கூடி யோசேப்பை இருபது வெள்ளிக் காசுக்கு விற்றார்கள். விற்கலாம் என்று யோசனை சொன்னவன் யூதா. யூதாவின் பெயரும் பதக்கத்தில் இருக்கிறது. யோசேப்பின் பெயரும் இருக்கிறது. விற்றவனும் விற்கப்பட்டவனும் ஒரே சாண் அகலத்தில் பக்கம் பக்கமாக. ஆரோன் உள்ளே போகும்போது, இவன் யோக்கியன், இவனைச் சுமக்கிறேன், அவன் அயோக்கியன், அவனைக் கழற்றி வைக்கிறேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. ஒரு கல் குறைந்தாலும் பதக்கம் பதக்கமாகாது.

தாமிரபரணிக் கரையிலே வேதம் வந்த வரலாறும் ஒரு பெயர்ப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு மராட்டிய பிராமண விதவை, ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவரின் பாதுகாப்பில் பாளையங்கோட்டையில் வாழ்ந்தாள். அவர் இறந்த பிறகு 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றாள். குளோரிந்தா என்பது அவளுக்குக் கிடைத்த பெயர். எங்கள் ஜில்லாவில் பிறந்த நாவலாசிரியர் அ. மாதவையா அவளைப் பற்றி 1915இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதியிருக்கிறார். 1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் ஏறின. பல ஜாதியார் கலந்த அந்த ஏட்டில் முதற்பெயர் அவளுடையது. அவள் முயற்சியால் எழும்பிய சிறு கோயிலை 1785இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார். இன்றைக்கும் ஜனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்லுகிறார்கள். சத்தியநாதன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றதோ 1790இல். ஆக, பட்டம் பெற்ற தமிழ்க் குரு ஒருவர் வருவதற்கு முன்னால், அந்த நாற்பது பேருடைய பாரத்தையும் அன்றாடம் சுமந்தவர்களில் ஒரு விதவையும் இருந்தாள். அவள் தோளில் ஏபோத்து இல்லை என்பது உண்மைதான்.

பட்டம் யார் கொடுப்பது என்பதற்காகவே இந்தச் சீமை ஒரு தடவை இரண்டாகப் பிளந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் ஜெர்மானியர். லுத்தரன் சபையில் வளர்ந்தவர். தமிழுக்கு இலக்கணம் எழுதிய அளவுக்குத் தமிழ் படித்தவர். ஊர் ஊராகச் சபைகள் பெருகின. சபைகளைத் தாங்கிய உபதேசிமார்களில் தகுதியானவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதைப் போதகர்களே தலையில் கை வைத்துக் கொடுக்கலாம் என்பது அவருடைய கட்சி. பிஷப்பின் கைதான் வைக்க வேண்டும் என்பது அவரை அனுப்பி வைத்த ஆங்கிலேய மிஷன் சங்கத்தின் கட்சி. வாதம் முற்றி, 1835இல் அவரை வேலையிலிருந்து விலக்கினார்கள். ஆற்காட்டுப் பக்கம் போனவரை உபதேசிமார்கள் திரும்ப அழைத்தார்கள், வந்தார். சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. 1838இல் அவர் இறந்த பிறகே பிளவு மெல்ல மெல்லக் கூடியது.

இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. ஒழுங்கு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். யாருடைய கை என்று பெரியவர்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்த அந்த வருஷங்களிலும் பனங்காட்டு ஊர்களில் குழந்தைகள் பிறந்தார்கள், கிழவர்கள் இறந்தார்கள். நோயாளியின் திண்ணையில் உட்கார்ந்து வேதம் வாசித்தவர் பட்டமில்லாத உபதேசியார்தான்.

ஆசாரியனை ஏற்படுத்துகிற சடங்கிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பலியிட்ட ஆட்டுக்கடாவின் இரத்தத்தை எடுத்து, ஆரோனுடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசினார் மோசே. காது முதலில், கை அடுத்தது, கால் அதற்கும் அடுத்தது. நாவில் பூசியதாகச் சொல்லவில்லை! பிரசங்கத்தின் நீளத்தைக் கொண்டு ஐயர்மார்களை எடை போடுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜனங்கள் சொல்வதையும் கடவுள் சொல்வதையும் கேட்கத் தெரிந்த காது, உதவி செய்யக் கை, தேடிப் போகக் கால்.

காது கெட்டுப்போன ஆசாரியன் கதையும் பைபிளில் இருக்கிறது. சீலோவிலே ஏலி என்று ஒரு முதியவர். பிள்ளையில்லாத அன்னாள் கோயிலில் வந்து அழுது ஜெபித்தாள். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஏலி, இவள் குடித்திருக்கிறாள் என்று தீர்மானித்துவிட்டார். அந்தக் கோயிலில் உண்மையாக ஜெபித்தவள் அவள் ஒருத்தி. அவளைக் குடிகாரி என்றவர் கோயிலின் குரு. விளக்கம் சொன்னதும் ஆசி கூறி அனுப்பினார் என்பது அவருக்குப் பெருமை. அவருடைய குமாரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலியிறைச்சி வேகும் பானையில் முட்கரண்டியை விட்டுக் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். வேகும்வரை பொறுக்காமல் பச்சையாகவே பிடுங்கவும் ஆரம்பித்தார்கள். விளைவு, ஜனங்களுக்குக் காணிக்கையே வெறுத்துப்போயிற்று. எங்கள் பக்கம் சபைத் தேர்தல் சமயத்தில் சுவரில் ஒட்டும் நோட்டீஸ்களையும், கோர்ட்டு வரைக்கும் போகும் வழக்குகளையும் பார்க்கும்போது, அந்த முட்கரண்டி இன்னும் துருப்பிடிக்கவில்லை என்று தோன்றும். ஐயர்மார்களை மட்டும் சொல்லவில்லை. கரண்டியின் காம்பைப் பிடிக்கும் கைகளில் நம்முடையதும் உண்டு.

ஐயரை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த ஒருவரும் இங்கே இருந்தார். நாசரேத்தை அடுத்த மூக்குப்பேரியில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம். பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளையாக இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மிஷனெரியோடு மனஸ்தாபம் ஏற்பட்டு வேலை போயிற்று. கால்டுவெல் 1849இல் எழுதிய ஒரு புத்தகம் தம் சமூகத்தை இழிவு செய்கிறது என்ற கொதிப்பும் சேர்ந்தது. 1857இல் வெள்ளைக்காரர் தயவில்லாத ஒரு கிறிஸ்தவ சபையை அவர் தொடங்கினார். பழைய ஏற்பாட்டைப் புரட்டிப் பார்த்தவருக்கு அங்கே தம் நாட்டு வழிபாடே தெரிந்தது. சாம்பிராணிப் புகை உண்டு, தரையில் விழுந்து வணங்குவது உண்டு, பண்டிகை நாட்கள் உண்டு. சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தார். அவர் கேட்ட கேள்வி சாமானியமானதல்ல: மோசேயின் கூடாரத்திலே தூபபீடம் இருந்ததே, நம் கோயிலில் சாம்பிராணி மணந்தால் மட்டும் எப்படி அஞ்ஞானமாகும்? இந்த மண்ணின் மணத்தோடு ஆராதிக்கலாம் என்று அத்தனை முன்னதாகச் சொன்ன துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவர் சபை பெரும்பாலும் ஒரே சமூகத்தாரின் சபையாக நின்றுவிட்டது. தூபம் திரும்பி வந்தது. பன்னிரண்டு கற்கள் வரவில்லை.

கற்களைப் பிரித்து வைக்கச் சுவரே கட்டிய ஊரும் எங்கள் ஜில்லாவில் உண்டு. தெற்கே வடக்கன்குளம். அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலை 1872இல் கால்சட்டை விரித்தது போல இரண்டு கிளையாகக் கட்டினார்கள். ஒரு கிளையில் வேளாளர், மற்றதில் நாடார். நடுவே சுவர். இரண்டு பக்கத்தாருக்கும் பீடம் தெரியும், குரு தெரிவார், ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். கடவுளைப் பார்ப்பதற்குப் பக்கத்து மனிதனைப் பார்க்காமல் இருப்பது வசதி என்று நினைத்த கட்டடம் அது. 1910இல் குருவானவர் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரைக்கும் போயிற்று. சுவர் வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள். பலிபீடத்தில் நின்ற ஒருவர் இரண்டு பக்கமும் தம்முடைய ஜனம் என்று நினைத்ததால்தான் அந்தக் கடப்பாரை எழும்பியது. நான் அதை ஓர் ஆராதனை என்றே சொல்லுவேன். செங்கல் சுவர் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கல்யாணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் நாம் எழுப்பிக்கொள்ளும் சுவருக்குக் கடப்பாரை இன்னும் வரவில்லை.

ஆசாரியன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஆற்றிலேயே உவமை இருக்கிறது. பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். மருதூர் அணை, ஸ்ரீவைகுண்டம் அணை என்று கடற்கரைப் பக்கம் வரையில் வரிசையாக நிற்கின்றன. தண்ணீரைத் தேக்கித் தானே வைத்துக்கொள்வது அவற்றின் வேலையல்ல. ஓடுகிற நீரைக் கொஞ்சம் நிறுத்தி, வாய்க்காலுக்குத் திருப்பிவிட வேண்டும். அணை ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அணையைப் போய்ப் பார்த்துப் பயனில்லை. கடைமடையில் இருக்கிற வயலைப் பார்க்க வேண்டும். அப்படியே ஐயர் நல்லவரா என்பது கோயிலின் முன்வரிசையில் தெரியாது. சபையின் கடைசி வீட்டில், காணிக்கை கொடுக்க முடியாத வீட்டில் போய்க் கேட்டால் தெரியும்.

புதிய ஏற்பாடு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. இயேசு லேவி வம்சத்தில் வந்தவர் அல்ல, யூதா வம்சம். எருசலேமிலோ நாசரேத்திலோ எந்த ஆசாரியச் சங்கமும் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. அவர் இறந்த நேரத்தில் தேவாலயத்துத் திரை மேலிருந்து கீழே இரண்டாகக் கிழிந்தது. அதற்குப் பிறகு பேதுரு, விசுவாசிகள் எல்லாரையும் சேர்த்தே ஆசாரியக் கூட்டம் என்று எழுதினார். இதைக் கேட்டதும் நமக்கு உற்சாகம் பிறக்கிறது. இனி ஐயருக்கு இருக்கும் அதிகாரம் நமக்கும் உண்டு என்று கமிட்டிக் கூட்டத்தில் மேஜையைத் தட்டுகிறோம். தோள்சுமையும் நமக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது மட்டும் மறந்துபோகிறது.

அந்தச் சுமையை அறிந்திருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும், என் ஆச்சி. எழுத்து வாசனை அறியாதவள். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துவிட்டு முழங்காலில் நிற்பாள். மேலத் தெருவில் ஆரம்பித்து வீடு வீடாகப் பெயர் சொல்லி ஜெபிப்பாள். எங்களுக்கோ பசி. கீழத் தெரு வருவதற்குள் சோறு ஆறிப்போகும். வயல் வரப்பை வெட்டி எங்களோடு தகராறு செய்த வீட்டாரின் பெயரும் தினமும் வரும். அதைச் சொல்லும்போது குரல் சற்று உயரும்.

"ஆச்சி, அவங்க நம்ம வரப்ப வெட்டினவங்கல்லா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதனாலதாம்ல சத்தமாச் சொல்லுதேன். ஆரோன் பன்னெண்டு பேரையும்லா சொமந்தாரு? பிடிக்காதவன எறக்கி வச்சிட்டா உள்ள போனாரு?"

அந்த ஜெபத்தால் வரப்புத் தகராறு தீர்ந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். நடந்தது அப்படியல்ல. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்த பிறகுதான் தீர்ந்தது. ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையானபோது எங்கள் வீட்டிலிருந்து தினம் கஞ்சி போயிற்று. கொண்டுபோனவள் ஆச்சி. தினம் உச்சரித்த பெயரை அவளால் ஒதுக்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2020ஆம் வருஷம் கொள்ளை நோய்க்காகக் கோயில்களை எல்லாம் பூட்டினார்கள். மார்ச் மாதக் கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தாலும் போக இடமில்லை. கைப்பேசியில் ஆராதனை வந்தது. பாட்டும் பிரசங்கமும் வந்தன. ஆனால் வீட்டில் ஒருவர் ஜெபிக்க வேண்டும் என்றபோது, பட்டதாரிகள் நிறைந்த எத்தனையோ வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேலையை நெடுங்காலமாக ஐயரிடம் ஒப்படைத்திருந்தோம் அல்லவா? சில வீடுகளில் மட்டும் பாட்டிமார்கள் இருந்தார்கள்.

ஐயர்மார் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ஐயர் ஒருவர் கிடைப்பது ஒரு ஊருக்கு நல்ல மழை கிடைப்பது போல. அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்வோம். ஆனால் பிரதான ஆசாரியன்கூட, வருஷத்தில் ஒரு நாள் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும்போது பொன்னாடைகளைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் உடுப்போடுதான் போனான். முதலில் தன் பாவத்துக்காகப் பலியிட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்காகப் போனான். அவனும் நம்மில் ஒருவன் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

வாசகர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் இன்று இரவு ஒரு காரியம் செய்து பார்க்கலாம். பன்னிரண்டு பெயர்களை விரல்விட்டு எண்ணுங்கள். பெண்டாட்டி பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று ஏழெட்டு சுலபமாக வந்துவிடும். ஒன்பதாவது பெயருக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். பத்தாவது, வேறு தெருவில் குடியிருக்கும் ஒருவர் பெயராக இருக்கட்டும். பதினொன்றாவது, நம் வீட்டுப் படியேறாத ஒருவர் பெயர். பன்னிரண்டாவதாக ஒரு பெயர் தொண்டை வரையில் வந்து அங்கேயே நின்றுகொள்ளும். யார் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.